‘மற்றும் பலர்’: குமரியில் போராடுகிறவர்கள் எப்படிக் கண்காணிக்கப்படுகிறார்கள்?

குமரி மாவட்டத்தில் ஒரு சாலை மறியல் நடந்த மறுநாள், நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும் செய்தி அநேகமாக இப்படித்தான் முடியும்: இன்னார் உட்பட 12 பேர் மீதும், கண்டால் அடையாளம் தெரியக்கூடிய 300 பேர் மீதும் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். எண்கள் மாறும், வாசகம் மாறாது.

கண்காணிப்பு என்றதும் பெகாசஸ் உளவு மென்பொருள், ஒட்டுக்கேட்பு, முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று மனம் ஓடுகிறது. அவை இல்லாமல் இல்லை. ஆனால் தக்கலையிலோ குளச்சலிலோ கறுப்புக்கொடி பிடித்த ஒருவரின் வாழ்க்கையைத் தொடப்போவது அந்த 300 என்ற எண்தான். அதில் இன்னும் பெயர் எழுதப்படவில்லை; யாருடைய பெயரை வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். வழக்கு முடிக்கப்படாதவரை அந்த இடம் திறந்தே கிடக்கும். இந்த மாவட்டத்தில் கண்காணிப்பின் முதன்மைக் கருவி திறந்த பட்டியல்தான். மற்ற கருவிகள் அதை நிரப்புகிற வேலையைத்தான் செய்கின்றன.

பார்ப்பவர்கள்

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் தனிப்பிரிவு இயங்குகிறது. காவல் நிலையங்களில் அதற்கென்று ஓர் ஏட்டோ காவலரோ மப்டியில் இருப்பார். எந்த அமைப்பு எங்கே கூடுகிறது, யார் பேசுகிறார், எத்தனை வேன் வரும், எந்த இரு தலைவர்களுக்குள் மனத்தாங்கல் என்பதுவரை அன்றாடக் குறிப்பாக எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும். அதே கூட்டத்தை மாநில உளவுக்காக எஸ்.பி.சி.ஐ.டி.யும், தீவிரவாதம் அல்லது இலங்கைத் தொடர்பு என்ற வாசனை இருந்தால் கியூ பிரிவும், மத்திய அரசுக்காக அதன் உளவுத்துறையான ஐ.பி.யும் பார்க்கும். ஒரே கூட்டத்தில் நான்கு குறிப்பேடுகள் நின்றுகொண்டிருப்பது இங்கே அதிசயமில்லை. போராட்டக்காரர்களுக்கும் அவர்களை முகம் தெரியும். டீ கூட வாங்கிக் கொடுப்பார்கள்.

இவர்களுக்குக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி ரகசியமே அல்ல. அனுமதி கேட்டுக் கொடுக்கும் மனுதான் முதல் கோப்பு. மாவட்டத்தில் 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவு உத்தரவு நடப்பில் இருக்கும்போது ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் முன்அனுமதி வேண்டும். மனுவில் பொறுப்பாளர்களின் பெயர், முகவரி, கைபேசி எண், பாதை, எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி விவரம் எல்லாம் கையெழுத்தோடு போகிறது. மீதியை முகநூல் நேரலை கொடுத்துவிடுகிறது. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பங்குத்தந்தையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ ஒரு வார்த்தை கேட்டால் போதும், எத்தனை பேர் கிளம்புவார்கள் என்பது தெரிந்துவிடும்.

கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதில் தவறில்லை. 1982-இல் மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. ஒரு வதந்தி கிளம்பும் இடத்தில் அரசுக்குக் கண்ணும் காதும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கூட்டத்தைப் பற்றிய குறிப்பு, அதில் நின்ற ஆளைப் பற்றிய நிரந்தரக் குறிப்பாக மாறும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது.

கல்யாண மண்டபத்தில் நடக்கும் கணக்கெடுப்பு

தமிழ்நாட்டில் மறியல் செய்பவர்களைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மதியம் சாப்பாடு கொடுத்து, மாலை ஆறு மணிக்கு அனுப்பிவிடுவது நெடுநாள் வழக்கம். இதைப் பலர் விளையாட்டுக் கைது என்றே நினைக்கிறார்கள். ஆனால் எந்தத் தொழில்நுட்பத்தையும்விடத் துல்லியமான தகவல் திரட்டு இந்த மண்டபத்தில்தான் நடக்கிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண், கைபேசி எண், சில இடங்களில் ஆதார் எண், ஒரு புகைப்படம். எழுதுபவர் கேட்க, உட்கார்ந்திருப்பவர் வரிசையாகச் சொல்வார். பக்கத்தில் இல்லாதவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடும் ஆர்வக்கோளாறு உண்டு. சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர் பட்டியலில் ஏறிய கதைகளும் எல்லா ஊரிலும் உண்டு.

அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்: இது முன்னெச்சரிக்கைக் கைதா, வழக்கில் கைதா? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் (பழைய 151) முன்னெச்சரிக்கையாகப் பிடித்தால், வேறு சட்டப்படித் தேவை இல்லாதவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வழக்கில் கைது என்றால், மறியல்களில் வழக்கமாகப் போடப்படும் பிரிவுகளான சட்டவிரோதக் கூட்டம் 189(2), தடுத்து நிறுத்தல் 126(2), பொதுவழிக்கு இடையூறு 285, அரசு ஊழியர் உத்தரவை மீறல் 223 எல்லாமே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஜாமீனில் விடக்கூடியவை. காவல் நிலைய ஜாமீன் உரிமை, சலுகை அல்ல. மாலையில் ஒரு காகிதமும் இல்லாமல் வெளியே வந்தால், உங்கள் பெயர் எந்த வகையில் எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

ரேகையும் கருவிழிப் பதிவும் எடுப்பது தனி விஷயம். 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கைதானவர்களிடம் ரேகை, கருவிழி, புகைப்படம் ஆகியவற்றை எடுக்க அனுமதிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஒரு விலக்கு கொடுக்கின்றன: தடை உத்தரவை மீறியதற்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ மட்டும் பிடிக்கப்பட்டவரிடம், வேறு குற்றத்தில் வழக்கு இல்லாதவரை, இந்த அளவீடுகளை எடுக்கக்கூடாது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுவிக்கப்பட்டால், மேல்முறையீட்டு வழிகள் முடிந்தபின், நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லாதவரை, பதிவை அழிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தானாக அழிந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். விடுதலைத் தீர்ப்பின் நகலை இணைத்து எழுத்தில் கேட்பதே நல்லது.

கைபேசி: ஒட்டுக்கேட்பு அரிது, அழைப்புப் பதிவு எளிது

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் மக்கள் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

பேச்சைக் கேட்பதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இருந்த இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும், 2024 டிசம்பரில் வந்த இடைமறிப்பு விதிகளும் இருக்கின்றன. மாநிலத்தில் உத்தரவிடும் அதிகாரம் உள்துறைச் செயலாளருக்கு. அவசரம் என்றால் ஐ.ஜி. தரத்துக்குக் குறையாத அதிகாரி உத்தரவிடலாம்; ஏழு வேலை நாளுக்குள் அது உறுதிசெய்யப்படாவிட்டால் நிறுத்த வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடி உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளின் வேர் 1996-இல் பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. 2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாத நிலையில் ஒரு குற்றத்தைத் துப்பறிவதற்காக ஒட்டுக்கேட்கக்கூடாது என்று சொல்லி, 2011-ஆம் ஆண்டு மத்திய உள்துறை உத்தரவு ஒன்றை ரத்துசெய்தது.

இதில் பலவீனமான கண்ணி மறுஆய்வுக் குழு. உத்தரவு போடுவதும் அரசு அதிகாரி, அதைச் சோதிப்பதும் அரசு அதிகாரிகள். நீதிபதி யாரும் அதில் இல்லை. கேட்கப்பட்டவருக்கு அது எப்போதுமே தெரிவிக்கப்படுவதில்லை. தெரியாததை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

அழைப்புப் பதிவுக்கு இவ்வளவு ஏற்பாடு கிடையாது. எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரியின் கோரிக்கை போதும். யார் யாரை அழைத்தார், எந்த நேரம், எத்தனை நொடி, எந்தக் கருவி, அழைப்பு தொடங்கியபோதும் முடிந்தபோதும் எந்தக் கோபுரம் ஆகியவை அதில் இருக்கும், பேச்சு இருக்காது. 2021 டிசம்பரிலிருந்து நிறுவனங்கள் இதை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு கோபுரத்தைத் தொட்ட அத்தனை எண்களையும் மொத்தமாக வாங்குவதும் உண்டு. திறந்த பட்டியலை நிரப்ப மிக வசதியானது இதுதான்.

இந்த மாவட்டத்தில் அதில் ஏற்படும் தவறும் அதிகம். கோபுரம் காட்டுவது ஒரு வட்டாரத்தை, ஓர் ஆள் நிற்கும் இடத்தை அல்ல. நாகர்கோவில் நகரத்துக்குள் அது சில தெருக்களாக இருக்கலாம்; கடலோரத்திலும் மலையோரத்திலும் பல கிலோமீட்டராக விரியும். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் கைபேசி அடிக்கடி கேரளக் கோபுரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். குழித்துறை வழியே பேருந்தில் போனவரும் தண்டவாளத்தில் உட்கார்ந்தவரும் ஒரே கோபுரத்தின் கீழ் வருவார்கள். ஆகவே கோபுரப் பதிவு மட்டும் வைத்து ஒருவர் கூட்டத்தில் இருந்தார் என்று நிறுவ முடியாது. நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதன் இரண்டு பகுதிகளும் நிரப்பப்பட்டு, மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்பு (பதிவு மாற்றப்பட்டதா என்று சோதிக்க உதவும் எண்) எழுதப்பட்டிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் முதலில் புரட்டிப்பார்க்க வேண்டிய தாள் அது.

வாட்ஸ்அப் செய்தியை வழியில் பிடிப்பது கடினம். ஆனால் 250 பேர் உள்ள போராட்டக் குழுவில் அப்படிப் பிடிக்க வேண்டிய அவசியமே வராது. ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் முடிந்தது. கைபேசியையே பறிமுதல் செய்தால், மகஜர் எனப்படும் பறிமுதல் குறிப்பில் கருவியின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கருவியின் நிலையும் எழுதப்பட்டு, அதன் நகல் கைக்கு வர வேண்டும். பிறகு உள்ளே என்ன சேர்க்கப்பட்டது, என்ன நீக்கப்பட்டது என்ற சண்டை வந்தால் அந்தத் தாள் மட்டுமே துணை.

கேமரா பற்றிச் சுருக்கமாக. காவல்துறை வீடியோகிராபர் எல்லாப் பெரிய போராட்டத்திலும் இருப்பார். 2021 அக்டோபரில் தமிழகக் காவல்துறை முக அடையாள மென்பொருளையும் கொண்டுவந்தது. ஏற்கெனவே தரவுத்தளத்தில் படம் இருப்பவரைத்தான் அது கண்டுபிடிக்கும். ஆகவே முதல் கைதில் எடுக்கப்பட்ட படம்தான் இரண்டாவது போராட்டத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறது. தொப்பி, வெயில், பக்கவாட்டு முகம் என்றால் தவறான ஆளையும் காட்டும். இந்தத் தொழில்நுட்பத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை.

பாஸ்போர்ட் என்ற கயிறு

வளைகுடா வேலை, கப்பல் வேலை, செவிலியர் பணி என்று வெளிநாட்டை நம்பியிருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அதனால்தான் திறந்த பட்டியலுக்கு இங்கே இவ்வளவு பலம். போலீஸ் அடிக்கு அஞ்சாத இளைஞர், பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு அஞ்சுவார்.

சட்டம் சொல்வது அந்த அச்சத்தைவிடச் சிறியது. பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை இருப்பது மட்டும் நீதிமன்றத்தில் நிலுவை ஆகாது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகுதான் ஆகும். அப்போதும் வழி அடைபடுவதில்லை: 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்கலாம், நீதிமன்றம் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குக் கிடைக்கும். இங்கே நடக்கும் பெரிய தவறு, வழக்கு நிலுவையில் இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பது. மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றம். பழைய மறியல் வழக்கைவிட அது பெரிய தலைவலி.

அரசு வேலை இதைவிடக் கடினம். தமிழ்நாடு காவல்துறைச் சார்நிலைப் பணி விதி 14(பி), வழக்கில் சம்பந்தப்பட்டவரைத் தகுதியற்றவர் ஆக்குகிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியை உறுதிசெய்தது. 2022 ஜூனில் ராணுவத்தின் குறுகிய கால ஆள்சேர்ப்பான அக்னிபத் திட்டத்துக்கு எதிராக வடமாநிலங்களில் ரயில்கள் எரிந்தபோது, சேர விரும்புபவர்கள் போராட்டத்திலோ தீவைப்பிலோ ஈடுபடவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும், போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்று ராணுவத் தரப்பு அறிவித்தது. ரயிலை எரித்தவரைச் சேர்க்க மாட்டோம் என்பது நியாயம். கோஷம் போட்டு நின்றவரையும் அதே வாக்கியத்தில் சேர்த்தால், நாட்டுக்குச் சேவை செய்யும் தகுதியை மறியல் ஒன்று அழித்துவிடும் என்றாகிறது.

தேசப்பற்றை யார் அளப்பது

இந்தக் கேள்வியைக் குமரி மாவட்டத்தில் கேட்பது சுவாரசியமானது. மாவட்டமே ஒரு சட்டமறுப்பின் பலன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு, மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சுட்டது அந்நிய அரசு அல்ல, பட்டம் தாணுப்பிள்ளையின் சோசலிஸ்ட் அமைச்சரவை. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே, அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். 1956 நவம்பர் 1-இல் கோரிக்கை நிறைவேறியது. இன்று நவம்பர் 1 மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. நேசமணி சிலைக்கு அதிகாரிகள் மாலை போடுகிறார்கள். 1954-இல் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களைப் பற்றிக் காவல் நிலையக் கோப்பில் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தத்தை வெள்ளையர் அரசும் சிறையில் வைத்தது; 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டபோது சுதந்திர இந்தியாவின் போலீசும் தேடியது. இப்போது அவருக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம். வேவு பார்த்த கோப்பும் மாலை போடும் கோப்பும் ஒரே அரசின் வேறு வேறு அலமாரியில் இருக்கும்.

கூடங்குளம் நெல்லை மாவட்டத்தில் இருந்தாலும், அந்தப் போராட்டத்தின் கால்கள் குமரிக் கடற்கரையிலும் இருந்தன. 1989 மே 1-இல் மீனவர் அமைப்புகள் நடத்திய ‘தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ பேரணி கன்னியாகுமரியில் முடிந்தபோதே துப்பாக்கிச்சூடு நடந்தது. 2011-க்குப் பிறகு இடிந்தகரைப் போராட்டத்தில் பல ஆயிரம் பேர் மீது 124-ஏ என்ற தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போடப்பட்டது. ஒரு காவல் நிலைய எல்லையில் இத்தனை துரோகிகள் எங்கிருந்து வருவார்கள் என்று வழக்குப் போட்டவர்களே கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், அணு உலை எதிர்ப்பின் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக ஓர் அறிவியல் இதழின் பேட்டியில் சொன்னார். அதே மாதம் நாகர்கோவில் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர் நாடுகடத்தப்பட்டார். 2014 ஜூனில் ஐ.பி. அறிக்கை இன்னும் ஒரு படி போய், இப்படிப்பட்ட எதிர்ப்புகள் நாட்டின் வளர்ச்சியை ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் குறைப்பதாகக் கணக்குச் சொன்னது. ஆட்சி மாறியது, வாதம் மாறவில்லை. ஒரு திட்டத்தை எதிர்ப்பதும் நாட்டை எதிர்ப்பதும் ஒன்று என்பதே இரண்டு ஆட்சியின் கருத்தும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி அமைந்த அரசு வேறு, அப்போதைக்கு நிர்வாகம் நடத்துகிற ஆட்கள் வேறு என்று பிரித்தது. வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டாத கடுஞ்சொல் குற்றமாகாது. 2013 மே 6-இல் கூடங்குளம் அணு உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. 2022 மே 11-இல் 124-ஏ நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இருக்கும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து என்று பேசுகிறது, ஆயுள்வரை தண்டனை. அரசின் நடவடிக்கையைக் கண்டிப்பது அதில் வராது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. விளக்கத்தைக் காவல் நிலையத்தில் யாரும் படிப்பதில்லை என்பதுதான் கோளாறு.

கடலுக்குள் போனால் கதை தலைகீழ். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவருக்குப் பயோமெட்ரிக் அட்டை, படகுக்குப் பதிவு எண், சந்தேகப் படகைக் கண்டால் சொல்ல 1093 என்ற எண், ‘சாகர் கவாச்’ ஒத்திகை என்று வந்தன. எல்லையில் அரசின் கண்ணும் காதும் நீங்கள்தான் என்று அதே தூத்தூர், இனயம், குளச்சல் மீனவரிடம் சொல்லப்பட்டது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களை அந்த அரசால் பார்க்க முடியவில்லை. ஊர்க்காரர்களே படகெடுத்துத் தேடினார்கள். டிசம்பர் 7-இல் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து அவர்கள் கேட்டது, எங்களைத் தேடுங்கள் என்பதைத்தான். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு வந்தது. பிறகு படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர் வந்தது: புயல் எச்சரிக்கை தரும், கடல் எல்லையைக் காட்டும், படகு நிற்கும் இடத்தையும் கரைக்குச் சொல்லும். அது மீனவர் விரும்பிக் கேட்ட கண்காணிப்பு. எதற்குப் பார்க்கிறாய், பார்த்ததை எவ்வளவு நாள் வைத்திருப்பாய், யாரிடம் கொடுப்பாய் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பார்க்கப்படுவதில் இவர்களுக்கு மறுப்பில்லை. மண்டபத்தில் எழுதிய பட்டியலுக்கு இந்த மூன்றுக்குமே பதில் கிடையாது.

2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தவர்களைப் போலீஸ் சுட்டதற்கு, மறுநாள் குமரி மாவட்டத்திலும் இணையம் நிறுத்தப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். துக்கப்படக்கூடிய ஊர் என்பதே காரணமாகப் போதுமானதாக இருந்தது.

பட்டியலை மூடுவது எப்படி

முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி, உணர்வுபூர்வமான சில வகை வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும். தமிழகக் காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், தேதி கொடுத்துத் தேடலாம். பெயர் இல்லை, ‘மற்றும் பலர்’ இருக்கிறது என்றால் எண்ணையும் பிரிவுகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து “சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போங்க” என்று போன் வரும். விசாரணைக்கு எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவு நோட்டீஸ். அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து காலக்கெடு. ஓராண்டுவரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள்ளும், மூன்றாண்டுவரை தண்டனை உள்ளதற்கு மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க வேண்டும். 2024 ஜூலைக்கு முன்பு பதிவாகி, இதே வகை மறியல் பிரிவுகள் மட்டும் உள்ள வழக்கில் ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் அது பெரும்பாலும் செத்த வழக்கு. புதிய சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு விளக்கம், முதல் தகவல் அறிக்கை பதிவான நாளையே கணக்கில் எடுக்கச் சொல்வதால், அதன் கீழ் வரும் வழக்குகளில் இந்த வாதம் எளிதில் நிற்காது. செத்த வழக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அதே சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின் கீழ் ரத்துசெய்யக் கேட்கலாம். அரசு ஊழியர் உத்தரவை மீறியதாகப் போடும் பிரிவுக்கு, அந்த அதிகாரியே நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும்; போலீஸ் தானே பதிவுசெய்ய முடியாது என்பதை 2018-இல் ஜீவானந்தம் என்பவரின் வழக்கில் (மேலே சொன்ன தலைவர் அல்ல) சென்னை உயர் நீதிமன்றம் விரிவாகச் சொல்லி, போராட்ட வழக்குகளை ரத்துசெய்தது. ஆனால் பொதுச்சொத்துச் சேதத் தடைச் சட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தண்டனை ஐந்தாண்டுவரை போய்விடும், காலக்கெடு பொருந்தாது. ஒரு பேருந்துக் கண்ணாடி உடைந்தது 300 பேருக்கும் சுமையாவது இப்படித்தான். போராட்டத்தை நடத்துகிறவர்கள் கல்லெறிபவரைத் தடுப்பதற்கு அறநெறி தவிர இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

அரசு “வழக்குகள் வாபஸ்” என்று அறிவித்தவுடன் எல்லாம் முடிந்ததாக ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். அறிவிப்பால் ஒரு பெயர்கூட அழியாது. விசாரணை நிலையில் உள்ள வழக்கென்றால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாகப் போலீஸ் இறுதி அறிக்கை தாக்கல் செய்து, நீதித்துறை நடுவர் அதை ஏற்க வேண்டும். குற்றப்பத்திரிகை போனதென்றால் அரசு வழக்கறிஞர் அதே சன்ஹிதாவின் 360-ஆம் பிரிவில் மனுப்போட்டு, நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். இரண்டிலும் உத்தரவின் சான்றிட்ட நகலை நீங்களே வாங்க வேண்டும். ஒன்றை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் கொடுத்து, இணையப் பதிவில் வழக்கின் நிலையை மாற்றச் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். இன்னொன்று பாஸ்போர்ட் கோப்புக்கு. உளவுப் பிரிவின் குறிப்பேடு இதில் அடங்காது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24(4) பிரிவு, மாநில அரசு தன் உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் கொடுக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. மனித உரிமை மீறல் என்று குறிப்பிட்டுக் கேட்டால், தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் அந்தப் பிரிவை எழுதாமல் பொதுவாகக் கேட்பதால்தான் பெரும்பாலான மனுக்கள் ஒரே வரி மறுப்போடு திரும்புகின்றன.